குளியலறை வடிகால் நாறுகிறதா?

சோளகம் வீசும் மாதங்களில் வன்னி வீடுகளில் குளியலறை வடிகால் நாறினால், உடனே பினாயில் தேட வேண்டாம். துவாரத்துக்குக் கீழே குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் மலக்குழி வாயுவை மறிக்கிறது. ஆட்கள் புழங்காத அறையில், இந்த வெயிலுக்கு அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பல வேளைகளில் அதுவே போதும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதென்றால், கடைசியாக இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயும் விடுங்கள். அது மேலே படலமாக மிதந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

அப்படியும் நாறுகிறதா? சல்லடையைக் கழற்றி, முடியையும் சவர்க்கார அழுக்கையும் பழைய பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். பிறகு அப்பச்சோடா, வினாகிரி, சுடுதண்ணீர். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.