ஒழுங்கான பல்கோணி: வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பக்கமெல்லாம் சமனாக இருந்தால் அது ஒழுங்கான பல்கோணி." ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் ஒப்புவிக்கிறார்கள். வீட்டிலும் "சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அது பாதி வரைவிலக்கணம்தான். பக்கங்களும் சமனாக வேண்டும், கோணங்களும் சமனாக வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அது ஒழுங்கான பல்கோணி இல்லை.

இந்தப் பாதி விடுபட்டுப் போவதற்குக் காரணம், பிள்ளைக்கு நாம் சரியான வடிவங்களை மட்டுமே காட்டுவது. சதுரம், சமபக்க முக்கோணி, தேன்கூட்டு அறுகோணி என்று எல்லாமே பிழையில்லாத படங்கள். கிட்டத்தட்டச் சரியாக இருந்து ஒரே ஒரு நிபந்தனையில் மட்டும் தவறும் வடிவம் கைக்கு வராதவரை, அந்த நிபந்தனை எதற்கு என்று பிள்ளைக்கு விளங்காது. ஆகவே, வீட்டில் முதலில் செய்ய வேண்டியது பிழையான வடிவம்தான்.

பக்கம் மட்டும் சமனான வடிவம்

பழைய பிஸ்கட் பெட்டி மட்டையில் 12 சென்ரிமீற்றர் நீளம், 1.5 சென்ரிமீற்றர் அகலத்தில் ஐந்து கீலங்கள் வெட்டுங்கள். ஒவ்வொரு நுனியிலிருந்தும் சரியாக 1 சென்ரிமீற்றர் உள்ளே ஊசியால் துளையிட்டு, இரண்டிரண்டாக நூல் முடிச்சால் கோர்த்துவிடுங்கள். இங்கேயே ஒரு தவறு காத்திருக்கிறது. கீலத்தின் நீளம் பக்கமில்லை. துளைக்கும் துளைக்கும் இடையிலான 10 சென்ரிமீற்றர்தான் பக்கம். துளைகள் முன்பின்னாக விழுந்தால் "சம பக்கம்" என்று நாம் சொல்வது பொய்யாகிவிடும். பிள்ளையும் அதை உடனே கண்டுபிடிக்கும்.

நான்கு கீலங்களைக் கோர்த்தால் சதுரம் நிற்கும். ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளினால் சாய்சதுரமாகச் சரியும். பக்கம் ஒன்றும் மாறவில்லை, கோணம் மட்டும் மாறியது. வெசாக் காலத்தில் மூங்கில் கீலத்தில் கூடு கட்டும் பிள்ளைகள், சதுரச் சட்டம் கையிலேயே கோணலாவதைப் பார்த்திருப்பார்கள். காரணம் இதுவேதான். மூன்று கீலங்களில் கட்டிய முக்கோணியைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், அது அசையாது. முக்கோணியில் பக்கங்கள் சமனானால் கோணங்களும் தாமாகவே 60 பாகைக்கு வந்துவிடும். "பக்கம் சமனானால் போதும்" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் வேரூன்றுவது பெரும்பாலும் இந்த முக்கோணியிலிருந்துதான்.

ஐந்து கீலங்களிலும் இன்னொன்று செய்யலாம். கீழே சதுரம், மேலே கூரை என்று வீட்டு வடிவில் அழுத்தி வையுங்கள். ஐந்து பக்கமும் 10 சென்ரிமீற்றர்தான். கோணங்களோ 60, 150, 90, 90, 150. கூட்டினால் 540, ஒழுங்கான ஐங்கோணிக்கும் அதே 540. கூட்டுத்தொகை ஒத்துவந்தால் வடிவம் ஒழுங்கானது என்று நம்பும் பிள்ளைக்கு இந்த வீடு நல்ல பதில்.

கோணம் மட்டும் சமனான வடிவம்

செவ்வகம் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அதைவிடப் பயன் தருவது, சதுரக்கோட்டுக் கொப்பியில் பிள்ளைகள் தாமாகவே வரையும் எண்கோணி. 6க்கு 6 கட்டம் எடுத்து, நான்கு மூலையிலும் இரண்டிரண்டு கட்டத்தைச் சரிவாக வெட்டுவார்கள். பார்வைக்கு அழகான எண்கோணி. எட்டுக் கோணமும் 135 பாகை, அதில் பிழையே இல்லை. ஆனால் 1 சென்ரிமீற்றர் கட்டமென்றால் நேர்ப்பக்கம் 2 சென்ரிமீற்றர், சரிந்த பக்கம் ஏறத்தாழ 2.8 சென்ரிமீற்றர். அடிமட்டத்தை வைத்து அளந்து பார்க்கச் சொன்னால் பிள்ளை ஒரு கணம் திகைக்கும். அந்தத் திகைப்பை அவசரப்பட்டு விளக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் சரியானதைச் செய்து காட்டலாம். 10 சென்ரிமீற்றர் சதுரம் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் இடுங்கள். கவராயத்தை ஒரு மூலையில் குத்தி, நடுப்புள்ளி வரை விரித்து, அந்த மூலையில் சேரும் இரு பக்கங்களிலும் குறியிடுங்கள். நான்கு மூலைக்கும் இப்படியே செய்தால் எட்டுக் குறிகள் கிடைக்கும். அவற்றை இணைத்தால் ஏறத்தாழ 4.1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒழுங்கான எண்கோணி. காலி வீதிப் பக்கம் போகும்போது சிவப்பு நிறுத்தற் பலகையைக் கண்டால், எது நேர்ப்பக்கம், எது சரிந்த பக்கம் என்று கேளுங்கள்.

சதுரக்கோட்டுக் கொப்பியின் கட்ட மூலைகளை உச்சிகளாக வைத்து வரையக்கூடிய ஒழுங்கான பல்கோணி சதுரம் ஒன்றுதான். சமபக்க முக்கோணியோ அறுகோணியோ அதில் துல்லியமாக அமையவே அமையாது. ஆகவே "கட்டம் பார்த்து வரை" என்பது இந்தப் பாடத்தில் நல்ல ஆலோசனையில்லை.

கோலத்திலும் இதே சிக்கல் உண்டு. நேர்ப்புள்ளிக் கோலம் சதுரத்துக்கானது. அறுகோணிக்கு இடைப்புள்ளி வேண்டும். ஆனால் இடைப்புள்ளி வைத்தால் மட்டும் போதாது. ஒரு வரியில் புள்ளிக்குப் புள்ளி 4 சென்ரிமீற்றர் என்றால், வரிக்கு வரி இடைவெளி ஏறக்குறைய 3.5 சென்ரிமீற்றராக இருக்க வேண்டும். கைப்பழக்கத்தில் அதையும் 4 ஆக வைத்துவிட்டால், அறுகோணியின் இரண்டு பக்கம் 4, மற்ற நான்கும் 4.5 அளவில் நீண்டுபோகும். முற்றத்துக் கோலத்தில் அது குறையே இல்லை. கேத்திர கணிதம் படிக்கும்போது மட்டும் அந்த அரைச் சென்ரிமீற்றர் பெரிது.

எப்போதும் ஒரே நிலையில் காட்டுவது

அடிப்பக்கம் கிடையாக இருக்கும் படத்தையே பார்த்துப் பழகிய பிள்ளை, உச்சியில் நிற்கும் சதுரத்தைச் "சாய்சதுரம்" என்றும், புரட்டிவைத்த முக்கோணியைத் "தலைகீழ் முக்கோணி" என்றும் வேறு வடிவங்களாகப் பார்க்கும். மட்டையில் வெட்டிய வடிவத்தை மேசையில் போட்டுவிட்டு, பிள்ளையை மேசையைச் சுற்றி நடந்து பார்க்கச் சொன்னால் தீர்ந்தது.

கவராயமும் பாகைமானியும்

அறுகோணியைக் கவராயத்தால் வரைவது எல்லோருக்கும் தெரியும்: வட்டம் வரைந்து, அதே ஆரத்தால் பரிதியைச் சுற்றி ஆறு முறை வெட்டுவது. கடைசி வில் முதற் புள்ளியில் சேராமல் 3 மில்லிமீற்றர் தள்ளி நின்றால் பிள்ளைக்குத் தான் எங்கோ பெரிய பிழை விட்டதாகத் தோன்றும். ஒவ்வொரு வெட்டிலும் அரை மில்லிமீற்றர் பிசகினாலே ஆறாவது வெட்டில் அது 3 ஆகிவிடும். கவராயத்தின் திருகாணி தளர்ந்திருப்பது, பென்சில் முனை மழுங்கியிருப்பது, வெறும் மேசையில் குத்துவதால் ஊசி வழுக்குவது, இந்த மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். தாளுக்குக் கீழே ஒரு தடித்த கொப்பியை வையுங்கள். இன்னும் நல்ல வழி: முதலில் விட்டத்தை வரைந்து, அதன் இரு முனையிலிருந்தும் ஆரத்தால் மேலும் கீழும் வெட்டுவது. எந்தப் புள்ளியும் விட்டத்தின் முனையிலிருந்து ஒரு வெட்டுக்கு மேல் போவதில்லை. ஆகவே பிழை சேராது.

இதற்குப் பின்னால் வரும் தவறு பெரியது. அறுகோணி இலகுவாக வந்துவிட்டதால், ஐங்கோணிக்கும் அதே ஆரத்தை வைத்து ஐந்து முறை வெட்டப் பார்ப்பார்கள். ஆரமும் பக்கமும் சமனாவது அறுகோணியில் மட்டும்தான். 5 சென்ரிமீற்றர் ஆர வட்டத்துக்குள் சமபக்க முக்கோணியின் பக்கம் 8.7, சதுரத்துக்கு 7.1, ஐங்கோணிக்கு 5.9, அறுகோணிக்கு 5, எண்கோணிக்கு 3.8. இவற்றைப் பிள்ளையே அளந்து எழுதட்டும்.

ஐங்கோணியைப் பாகைமானியால் வரைய வேண்டுமானால் மையத்திலிருந்து தொடங்குங்கள். 360ஐ 5ஆல் வகுத்தால் 72. ஆனால் ஒரு கோட்டிலிருந்து 72, அதிலிருந்து இன்னொரு 72 என்று பாகைமானியை நகர்த்திக்கொண்டே போகக் கூடாது. தொடக்கக் கோட்டிலேயே பாகைமானியை வைத்து மேலே 72, 144. திருப்பிக் கீழே 72, 144 என்று ஒரே இடத்திலிருந்து நான்கையும் குறித்துவிடுங்கள். பாகைமானியில் பெரும்பாலான பிள்ளைகள் தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, பூச்சியக் கோட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக்கின் கீழ் விளிம்பைக் கோட்டில் வைப்பது. மற்றது, உள்வரிசை எது வெளிவரிசை எது என்று குழம்பி 108ஐ 72 என்று வாசிப்பது. "இந்தக் கோணம் மூலைமட்டத்தின் செங்கோணத்தைவிடப் பெரிதா சிறிதா?" என்று அளக்கும் முன்னரே கேட்டுவிட்டால், இரண்டாவது தவறு தானாகவே பிடிபடும்.

உபகரணமே இல்லாமலும் ஐங்கோணி செய்யலாம். 3 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் நீளமுமான கடதாசிப் பட்டியில், நூலில் போடுவதுபோல ஒற்றை முடிச்சுப் போட்டு மெல்லத் தட்டையாக்குங்கள். பக்கம் ஏறத்தாழ 3.15 சென்ரிமீற்றருள்ள ஒழுங்கான ஐங்கோணி கிடைக்கும். இழுத்து இறுக்கினால் கடதாசி கசங்கிக் கோணம் கெட்டுவிடும். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். தென்னோலையிலும் செய்யலாம், பட்டியின் அகலம் முழுக்க ஒன்றாக இருந்தால்.

புறக்கோணம்: திரும்பும் கோணம்

ஐங்கோணியின் புறக்கோணம் எவ்வளவு என்று கேட்டால் சில பிள்ளைகள் 252 என்பார்கள். 360இலிருந்து அகக்கோணமான 108ஐக் கழித்திருக்கிறார்கள். "புறம்" என்ற சொல்லைக் கேட்டதும் வெளியே தெரியும் முழுக் கோணமும் என்று நினைப்பது இயல்புதான். புறக்கோணம் என்பது ஒரு பக்கத்தை நீட்டினால் அதற்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையில் வருவது. ஐங்கோணிக்கு அது 72.

இதைத் தாளில் விளக்குவதைவிடத் தரையில் நடத்திக் காட்டுவது நல்லது. கொழும்புத் தொடர்மாடி வீட்டின் சிறிய ஹோல் போதும். ஒட்டுநாடாவால் ஒரு சமபக்க முக்கோணி ஒட்டி, பிள்ளையை அதன்மேல் நடக்கவிடுங்கள். தரையோட்டின் கோடுகளைப் பின்பற்றி ஒட்டினால் சமபக்க முக்கோணி வராது, கவனம். மூலைக்கு வந்ததும் பிள்ளை எவ்வளவு திரும்புகிறது? "60 பாகை" என்பதுதான் அநேகமாக வரும் பதில். உண்மையில் 120. முன்பக்கம் கை நீட்டியபடியே திரும்பச் சொன்னால், கை எவ்வளவு தூரம் சுழல்கிறது என்று தெரியும். மூன்று மூலை முடிய முதலில் நின்ற திசைக்கே வந்துவிடும், மொத்தம் 360. எந்தக் குவிவான பல்கோணியை (எந்த மூலையும் உள்நோக்கி மடங்காததை) சுற்றி நடந்தாலும் அவ்வளவுதான்.

கணினியில் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மொழியைப் பழகும் பிள்ளைகள் இதே தவறைத் திரையில் காண்பார்கள். முக்கோணிக்காக "60 பாகை திரும்பு" என்று மூன்று முறை கொடுத்தால் அறுகோணியின் பாதி வந்து நிற்கும். உடனே எண்ணைத் திருத்திக் கொடுக்காமல், ஏன் பாதி அறுகோணி என்று கேளுங்கள்.

அகக்கோணங்களின் கூட்டுத்தொகைக்கான சூத்திரத்தையும் ஒப்புவிக்க வைக்காமல் முக்கோணிகளாகப் பிரித்துக் காட்டலாம். ஒரே உச்சியிலிருந்துதான் மூலைவிட்டங்கள் போக வேண்டும். நாற்பக்கலில் இரண்டையும் குறுக்காகப் போட்டுவிட்டால் நான்கு முக்கோணி, 720 என்று வந்துவிடும். நடுவில் சேரும் 360 எந்த மூலைக்கும் உரியதில்லை என்பதால் அதைக் கழிக்க வேண்டும்.

பத்து ரூபாக் குற்றி ஒன்று கிடைத்தால் எடுத்து வையுங்கள். 2009இல் வெளிவந்ததற்குப் பதினொரு பக்கம். எண்ணத் தொடங்கும் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைக்காவிட்டால் எண்ணிக்கை பத்து என்றும் பன்னிரண்டு என்றும் மாறிக்கொண்டேயிருக்கும். புறக்கோணம் காண 360ஐ 11ஆல் வகுத்தால் மீதியின்றி வராது, ஏறத்தாழ 32.7. கோணம் முழுவெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதோடு போகும்.

சொற்களைக் கலப்பது

இலங்கைப் பாடநூலில் பல்கோணி, முக்கோணி, நாற்பக்கல், பாகைமானி. தமிழ்நாட்டுக் காணொளிகளில் பலகோணம், முக்கோணம், நாற்கரம், கோணமானி. ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் அண்ணன் "பொலிகன்" என்பான். மூன்றும் ஒன்றுதான் என்று ஒரு தாளில் எதிரெதிரே எழுதி ஒட்டிவிட்டு, நீங்கள் பேசும்போது பிள்ளையின் பாடநூல் சொல்லையே பேசுங்கள்.

தரை நிரப்பும்போது

சமனான வடிவங்களெல்லாம் இடைவெளியின்றிப் பொருந்தும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். ஐங்கோணி மட்டைகள் மூன்றை ஓர் உச்சியில் சேர்த்தால் 324 பாகைதான். 36 பாகை இடைவெளி விழும், நான்காவது நுழையாது. ஒரே வகை ஒழுங்கான பல்கோணியால் தரையை நிரப்ப முக்கோணி, சதுரம், அறுகோணி ஆகிய மூன்றாலும்தான் முடியும். எண்கோணிக்குச் சதுரத்தின் துணை வேண்டும்: 135, 135, 90.

இரண்டு வகை மட்டைகளைச் சேர்க்கும்போது, ஒரே வட்டத்திலிருந்து இரண்டையும் வெட்டிவிடாதீர்கள். 4 சென்ரிமீற்றர் பக்கமுள்ள அறுகோணிக்கு ஆரம் 4, அதே பக்கமுள்ள ஐங்கோணிக்கு ஆரம் 3.4. இப்படி வெட்டிய ஓர் ஐங்கோணியைச் சுற்றி ஐந்து அறுகோணிகளை ஒட்டுநாடாவால் இணைத்துப் பாருங்கள். உச்சியில் 120, 120, 108, மொத்தம் 348. குறைகிற 12 பாகையை மூடி ஒட்டினால் மட்டை மேசையில் படியாமல் கிண்ணமாக எழும்பும். இதே முறையில் 12 ஐங்கோணியும் 20 அறுகோணியும் சேர்ந்தால் உதைபந்து.