லேப்டாப்பை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் சர்வீஸ் கடைக்கு ரிப்பேரைவிடக் கேள்விகள்தான் அதிகம் வரும். கல்லூரி சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு ஸ்கிரீன்ஷாட், கீழே "அண்ணே, இதுல எது நல்லது?" ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒப்பிட்டது விலை, நிறம், ஸ்டார் ரேட்டிங். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்களும் இப்படித்தான் வாங்கினோம் என்பதால் திட்டவும் மனசு வருவதில்லை. பில் வாங்குங்கள், போலி சார்ஜர் வேண்டாம் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

எந்த கம்பெனி நல்ல கம்பெனி?

கேள்வியே தப்பு. லெனோவோவில் ஐடியாபேடும் உண்டு, திங்க்பேடும் உண்டு. எச்பியில் பெவிலியனும் எலைட்புக்கும் ஒரே லோகோவோடுதான் வந்தன. ஒன்று வீட்டுக்கு, மற்றது ஆபீசுக்கு, கட்டுமானமே வேறு. விலை குறைந்த வீட்டு மாடல்கள் பலவற்றில் ஹிஞ்ச் (மூடியின் கீல்) திருகு, பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டில்தான் உட்காரும். ஹிஞ்ச் இறுகிவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நட்டுதான் இழுபடும். ஒருநாள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நாங்கள் எபாக்சி பசை வைத்து ஒட்டித் தருவோம், அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்காதீர்கள். ஒப்பிட வேண்டியது கம்பெனியை அல்ல, வரிசையை.

ஐ5-ஆ, ஐ7-ஆ?

இன்டெல் பிராசசர்களில் ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் 10 கோர்தான் (கணக்குப் போடும் மூளைகள்), 12 எம்பி கேஷ்தான் (உள்ளேயே இருக்கும் சின்ன மெமரி). உச்ச வேகம் மட்டும் 4.4, 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று மாறும். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் காசை ரேமில் போடலாம். ஏஎம்டியில் வேறு கூத்து. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த கட்டமைப்பு. 7520யூவில் 4 கோர், 7530யூவில் 6. இன்னொன்று, 7520யூ எல்பிடிடிஆர்5 ரேமை, அதாவது பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தே வரும் வகையை, மட்டும்தான் ஏற்கும். எனக்கு எரிச்சல் கிளம்புவது இங்கேதான்.

"ரேம் அப்புறமா ஏத்திக்கலாம்"

போன சீசனில் திண்டிவனம் பக்கமிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (திரைக்குள் ஓடும் போலி போன்) ஓடவிட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறதாம். "தம்பி, எட்டு இருக்கு, பதினாறு ஆக்கிக் குடுத்துருங்க. வாங்கும்போதே ஏத்திக்கலாம்னு கடைல சொன்னாங்க." பின்மூடியைக் கழற்றிக் காட்டினேன். பிராசசர் பக்கத்தில் கறுப்பாக மெமரி சிப்புகள், போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. ஸ்லாட் என்று ஒன்று இல்லவே இல்லை. "எங்க தம்பி போடணும்?" என்று குனிந்து பார்த்தார். இதைச் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு, விற்றவனுக்கு இல்லை!

இனி என்ன செய்யலாம்? 16 ஜிபி உள்ள போர்டைத் தேடிப் பிடித்து மாற்றலாம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சிப்பைப் பெயர்த்து வேறு சிப் வைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் படிக்கிற பெண்ணின் மெஷினில் அந்தச் சூதாட்டத்துக்கு நான் தயாரில்லை. கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வேறு வாங்கச் சொன்னேன். விலையில் சில ஆயிரம் குறைவு என்று வாங்கியது கடைசியில் அதிக விலையில் முடிந்தது. இருக்கிற 8 ஜிபியிலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் ஒரு பங்கைத் திரைக்கு எடுத்துக்கொள்ளும்.

சோல்டர் ரேமே கெட்டது என்று சொல்லவில்லை. வேகம் உண்டு, பேட்டரியும் குறைவாகத் தின்னும். முதலிலேயே 16 வாங்கினால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. மேக்புக் ஏரிலும் ரேம் ஏற்ற வழியில்லை. ஆப்பிள் 2024 அக்டோபரில்தான் அதன் அடிப்படை ரேமை 16 ஆக்கியது. தள்ளுபடியில் வரும் பழைய 8 ஜிபி ஏரை வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் என்று இருந்தால், அபூர்வமான சில விலையுயர்ந்த மாடல்கள் நீங்கலாக, பற்றவைத்தது என்றே கொள்ளுங்கள். வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றிருந்தாலும் 'ஆன்போர்டு' என்ற சொல் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். லெனோவோ என்றால் பிஎஸ்ஆர்இஎஃப் என்ற அவர்களின் விவரத் தளத்தில் மாடல் வாரியாக ஸ்லாட் விவரம் இருக்கிறது. கடையில் டெமோ மெஷின் இருந்தால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியைப் படியுங்கள். 'சோடிம்' என்றால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் முடியாது. பக்கத்தில் ஸ்லாட் எண்ணிக்கை என்று ஏதாவது காட்டும், நம்பாதீர்கள். சிப்புகளையும் ஸ்லாட் என்றே எண்ணிச் சொல்லும்.

படிப்புக்கு கேமிங் லேப்டாப்

அந்த எடையைத் தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகப்போவது யார்?

திரை

45 சதவீதம் என்டிஎஸ்சி (காட்டும் நிறங்களின் அளவு), 250 நிட்ஸ் (வெளிச்சம்) என்றிருந்தால்: போட்டோ எடிட்டிங் செய்பவர் தொடவே வேண்டாம்.

வாரண்டி

இரண்டுக்கும் ஒரு வருடம் என்று போட்டிருக்கும். ஒன்றில் ஆள் வீட்டுக்கு வருவார், மற்றதில் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உங்கள் ஊரில் சென்டர் இருக்கிறதா?

செகண்ட் ஹேண்டில் விலை மட்டும் பார்ப்பது

ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய திங்க்பேடும் டெல் லாட்டிடியூடும் புதிய மட்டமான மெஷினைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஐ5-7200யூ வேண்டாம். அதில் 2 கோர், அடுத்ததான 8-ஆம் தலைமுறை 8250யூவில் 4. விண்டோஸ் 11-உம் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அதற்கு ஒரு கமாண்ட் இருக்கிறது. டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்த அளவு) 50,000, ஃபுல் சார்ஜ் (இப்போது பிடிப்பது) 28,000 என்று வந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். "அதெல்லாம் எடுக்க முடியாது சார்" என்றால் வாக்குவாதம் வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.