சிஏ 19-9 ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

கணையப் புற்றுநோய்க்குக் கீமோ ஓடும்போது ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஏ 19-9 (இந்தப் புற்று இருந்தால் ரத்தத்தில் பெரும்பாலும் கூடும் ஒரு பொருளை அளக்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்வார்கள். மில்லிக்கு 37 யூனிட் வரை பொதுவாக இயல்பு. தனியாக ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். 850, 610, 340 என இறங்கினால் நல்ல அறிகுறி. ஆனாலும் ஸ்கேனோடு சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

பலர் தடுமாறுவது லேபில்தான். ஒருமுறை தர்மபுரியில், அடுத்த முறை பெங்களூரில் என எடுத்தால், கருவி மாறுவதாலேயே எண் மாறும், நோய் அப்படியே இருந்தாலும். உள்ளூர் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்தால் எந்த லேபுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் 'மெத்தட்' என்ற இடத்தில் உள்ள பெயர் முந்தையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். லேபை மாற்றியே ஆகவேண்டுமென்றால், புது லேபின் முதல் எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்தது பித்தநீர் அடைப்பு. பித்தநீர் வழியைத் திறந்து வைக்கப் போட்ட ஸ்டென்ட் (சிறு குழாய்) அடைத்துக்கொண்டால் புற்று வளராமலே எண் பல மடங்கு ஏறும். அதனால் அதே நாளில் பிலிருபினும் (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) பாருங்கள். மஞ்சள் இறங்கிய பின் மறுபடி எடுத்த எண்தான் நம்பகமானது. கண் மஞ்சளோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். சில கருவிகளைக் குழப்பும்.

100-இல் 5 முதல் 10 பேருக்கு ரத்த வகை அமைப்பினாலேயே சிஏ 19-9 சுரக்காது. அவர்களுக்கு எண் குறைவாக இருப்பதை வைத்து நோய் அடங்கியதென நினைக்கக் கூடாது. சிஇஏ (இன்னொரு புற்று ரத்தப் பரிசோதனை), ஸ்கேன் வழியாகவே கவனிப்பார்கள்.