அட்ஜெக்டிவை எங்கே வைப்பது?

காசிமேட்டுப் பக்கம் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். "பெயர்ச்சொல்லின் தன்மையைச் சொல்வது அட்ஜெக்டிவ்" என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பிப்பார்கள். வாக்கியம் எழுதச் சொன்னால்தான் பேனா நிற்கும். அதனால் வரையறையை விடுங்கள், அது வரும் இடத்தைப் பாருங்கள்.

முதல் இடம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால்: 'ஃபிரெஷ் ஃபிஷ்', 'பிக் போட்'. தமிழிலும் இப்படித்தான் என்பதால் சிக்கல் இல்லை.

இரண்டாவது இடம், இஸ், ஆர், வாஸ் இவற்றுக்குப் பின்னால்: 'த ஃபிஷ் இஸ் ஃபிரெஷ்'. இங்கேதான் வழுக்கும். "மீன் ஃபிரெஷ்ஷா இருக்கு" என்று பேசிப் பழகிய வாய் அல்லவா? அந்த 'ஆ'வுக்கு ஈடாக 'லி' சேர்த்து 'ஃபிரெஷ்லி' என்று எழுதிவிடுகிறார்கள். பொதுவாக 'லி' செயலுக்கு உரியது. 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி' என்றால் பாட்டைச் சொல்கிறோம். 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்றால் ஆளைச் சொல்கிறோம். ஃபிரெண்ட்லி, லவ்லி போன்ற சில 'லி'யோடு திரியும் அட்ஜெக்டிவ்கள், அவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

லுக், டேஸ்ட், ஸ்மெல் இவையும் இஸ் மாதிரியே. ஐஸ் போடாமல் வைத்த வஞ்சிரம் நாறினால் 'இட் ஸ்மெல்ஸ் பேட்'. 'பேட்லி' என்றால் அந்த மீனுக்கு மோப்பசக்தி சரியில்லை என்று ஆகிவிடும்!

அப்புறம் ஒப்பிடுவது. ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, சென்ட்ரல் 1873இல். ஆகவே 'ராயபுரம் இஸ் ஓல்டர் தேன் சென்ட்ரல்'. சின்னச் சொல்லுக்கு 'அர்', நீளமான சொல்லுக்கு முன்னால் 'மோர்'. இரண்டையும் சேர்த்து 'மோர் ஓல்டர்' என்று எழுதினால் சிவப்புப் பேனாதான்.

ஒரே பெயருக்கு இரண்டு மூன்று வந்தால் முதலில் நம் அபிப்பிராயம், பிறகு நிறம், கடைசியில் பொருள்: எம்.சி. ரோட்டில் எடுத்த புடவை 'அ பியூட்டிஃபுல் ரெட் சில்க் ஸாரி'. பெரிய பட்டியல் உண்டு, இப்போதைக்கு இது போதும்.

போரிங், போர்ட் இரண்டையும் குழப்பாதீர்கள். சலிப்பு ஏற்படுத்துவது போரிங், சலித்துப்போனவர் போர்ட். சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'ஐ யாம் போரிங்' என்பவன் தன்னையே திட்டிக்கொள்கிறான். 'த கிளாஸ் இஸ் போரிங்' என்று எழுதினால் திட்டு எனக்கு. இலக்கணம் சரி என்பதால் மார்க் போட்டுவிடுவேன்.