பழைய காருக்குள் பெற்றோல் மணம்: ஓட்டையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

எங்கள் காருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் கதவைத் திறந்ததும் குப்பென்று பெற்றோல் மணம். பொனற்றைத் திறந்து இரண்டு நாள் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. தேட வேண்டிய ஒழுங்கு பிறகுதான் விளங்கியது.

முதலில் காரை வெட்டவெளிக்கு எடுங்கள். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பிளற்றின் கீழ்த்தளத்தில் நிறுத்துகிறவர்கள் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளியே எடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம்; நிலத்தோடு தேங்கி நிற்கும். பக்கத்தில் சிகரெட், நெருப்பு கூடாது. கீழே சொட்டு விழுந்தால் ஓட்டவே வேண்டாம், கார் திருத்தும் பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்து, மணம் எப்போது வருகிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். பாதி வேலை இதில் முடியும். ஃபுல் டாங்க் அடித்த அன்று மட்டும் என்றால் டாங்கின் மேல்பக்கம்: மூடியின் ரப்பர் வளையம், பெற்றோல் ஊற்றும் குழாய், பெற்றோல் அளவு காட்டும் கேஜ் மிதவை பூட்டிய இடம். கொழும்பு-காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்தியபின் என்றால், பெற்றோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றர். சூட்டில் உள்ளிருக்கும் பெற்றோல் ஆவியாகும். விடியற்காலையில் மட்டும் என்றால் ஹோஸ் மூட்டுகள். இறுகிப்போன ரப்பர் குளிரில் சுருங்கிக் கசியும்.

இனிக் கண்ணால் பாருங்கள், இஞ்சின் ஆறியபிறகு. பெற்றோல் உடனே காய்ந்துவிடும், ஆகவே ஈரத்தைத் தேடாதீர்கள். தூசி படிந்த இடத்தில் கழுவிவிட்டதுபோல ஒரு கோடு தெரியும், அதுதான் தடயம். ஹோஸைக் கிளிப்புக்குப் பக்கத்தில் மெல்ல வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். கடற்கரைப் பக்கத்துக் கார் என்றால் அடியில் ஓடும் இரும்புக் குழாயில் துருவையும் பாருங்கள். ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்தும் பாருங்கள். இஞ்சினில் பூட்டிய பழைய வகைப் பம்பின் சவ்வு கிழிந்தால் பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும்.

மூக்கை நம்பாதீர்கள். சில நிமிடத்தில் அது பழகிவிடும். என் காரில் கண்டுபிடித்தது அம்மாதான். பின்சீற்றில் ஏறியதும், “தம்பி, மணம் முன்னுக்கில்லை, எனக்குக் கீழதான்” என்றா. சீற்றைத் தூக்கினால் கேஜ் மிதவையின் ரப்பர் வாஷர் அப்பளம்போல நொறுங்கியது.

சாமானுக்குக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், பெற்றோல் ஹோஸ் என்றே கேளுங்கள். தண்ணீர் ஹோஸ் பெற்றோலில் ஊறிக் கரையும். காபரேற்றர் காரில் ஹோஸுக்குள் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் அழுத்தம்தான். இன்ஜெக்ஷன் காரில் 40 இறாத்தல் அளவுக்குப் போகும், அதற்குரிய ஹோஸும் கிளிப்பும் வேறு. அந்த வேலையை நான் பாஸிடமே விடுவேன்.

பூட்டியபின் டாங்கை நிரப்பி, மறுநாள் காலை வெள்ளை டிஷ்யுவால் ஒவ்வொரு மூட்டையும் ஒற்றிப் பாருங்கள். பிறகு வீட்டில் வேறு ஒருவரைப் பின்சீற்றில் ஏற்றுங்கள்.