அப்பாவின் குழியை வேறு ஊருக்கு மாற்ற

லண்டன் கவுன்சில் ஒன்றின் சேமக்காலை (இடுகாடு) அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் பர்மிங்ஹாம் பக்கம் போய்விட்டார்கள், அப்பாவையும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று நம்மவர்கள் வருவார்கள். வந்ததும் எந்தப் படிவம் என்றுதான் கேட்பார்கள். படிவம் கடைசி வேலை. குழி யார் பெயரில் இருக்கிறது, எந்த மண்ணில் இருக்கிறது, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள்.

மண் என்றது சும்மா இல்லை. பழைய சேமக்காலைகள் பலவற்றில் ஒரு பகுதி இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர் சட்டப்படி அர்ப்பணித்த நிலம், மற்றது சாதாரண நிலம். பார்த்தால் தெரியாது, நடுவே ஒரு பாதைதான் ஓடும். எல்லை அலுவலக வரைபடத்தில் இருக்கும். “எங்கட சுவாமி ஆசீர்வதிச்ச குழி” என்பார்கள் கத்தோலிக்கர்கள். அது இந்தக் கணக்கில் வராது.

சாதாரண நிலமென்றால் நீதி அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டம், 25ஆம் பிரிவு. அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். புதைத்த சாம்பலுக்கும் இதே சட்டம்தான். அமைச்சு கட்டணம் வாங்குவதில்லை.

அர்ப்பணித்த நிலமென்றால் மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். அங்கே கட்டணமும் உண்டு, கேள்வியும் அதிகம். அடக்கம் செய்தால் செய்ததுதான், விதிவிலக்கான காரணம் இருந்தால்தான் எடுக்கலாம் என்பது 2002இல் பிளாக்டன் வழக்கில் உறுதியானது. வீடு மாறிவிட்டோம், போய்வரத் தூரம் என்பது மட்டும் போதாது. அந்த வழக்கில் பெற்றோர் தாங்களும் இறந்த மகனும் சேர்ந்து இருக்கப் புது ஊரில் குடும்பக் குழி வாங்கியிருந்தார்கள், அனுமதி கிடைத்தது. உங்களுக்கும் அப்படி ஒரு குழி இருந்தால் அதை மனுவின் முன்பக்கத்திலேயே எழுதுங்கள்.

சரி, குழியின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது இங்கேதான். கவுன்சில் விற்பது காணியை அல்ல, அங்கே அடக்கம் செய்யும் உரிமையை. அதுவும் ஐம்பது, எழுபத்தைந்து என்று வருடக் கணக்கில். தொண்ணூறுகளில் அப்பா போனபோது அம்மா பெயரிலோ, இங்கிலிஷ் தெரிந்த சித்தப்பா பெயரிலோ எழுதியிருப்பார்கள். அவரும் காலமாகியிருந்தால் கையெழுத்துப் போட ஆளில்லை. உயில் நிரூபணப் பத்திரத்தோடு அல்லது சத்தியக் கடதாசியோடு முதலில் பெயரை மாற்றுங்கள். மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த வேலைதான்.

அப்புறம்தான் அமைச்சின் படிவம். குழியின் உரிமையாளர், நெருங்கிய உறவினர், சேமக்காலை நிர்வாகம் ஆகியோரின் சம்மதம் அதில் வேண்டும். எங்கே திரும்ப அடக்கம் செய்வீர்கள் என்றும் கேட்கும், ஆகவே புது இடத்தைப் பேசி வைத்திருங்கள். கனடாவில் இருக்கும் அண்ணன் “அப்பாவைத் தோண்டவே கூடாது” என்று நின்றால் விண்ணப்பமும் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குப் போகட்டும்.

பெயரையும் பாருங்கள். பதிவேட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பெட்டி மூடியில் அடித்த தகட்டில் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் இருக்கும். பெட்டியை வெளியே தூக்குமுன் குழிக்குள்ளேயே அந்தத் தகட்டைத் துடைத்து அனுமதிப்பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு எழுத்துமுறையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தொல்லையில்லை.

எடுப்பது பெரும்பாலும் விடிகாலையில், சுற்றிவர மறைப்புக் கட்டி. சுகாதார அதிகாரி நிற்பார், புதுப் பெட்டி தயாராக இருக்கும். குடும்பத்தாரை நான் வரச் சொல்வதில்லை. லண்டன் களிமண்ணில் நீர் தேங்கும், பழைய பெட்டி எந்த நிலையில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

செலவு குழி தோண்டும் கூலி, மரணச்சடங்கு நிறுவனம், புதுக் குழி என்று வரும். அந்தப் புது ஊரில் நீங்கள் வசிக்காவிட்டால் குழி விலை பல இடங்களில் இரட்டிப்புக்கும் மேல். கல்லறைக் கல்லை ஏற்றுமுன் அங்குள்ள அளவு விதியைக் கேளுங்கள். பளிங்குச் சுற்றுக்கட்டுக்குப் பல புல்வெளிச் சேமக்காலைகளில் அனுமதியில்லை.