பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்: வீட்டிலேயே பி.பி.யைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

ஏ.டி.பி.கே.டி. எனப்படும் இந்த நோயில், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும்) ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தக்குழாய்கள் விறைக்கத் தொடங்கிவிடும். பி.கே.டி.1, பி.கே.டி.2 மரபணுக்கள் தரும் பாலிசிஸ்டின் புரதங்கள் சிறுநீரகத்தோடு ரத்தக்குழாய்ச் சுவருக்கும் தேவை. அவை பழுதானால் குழாயின் நெகிழ்வு குறைகிறது. வளரும் நீர்க்கட்டிகள் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களை நசுக்குவதால் ரெனின் என்னும் நொதி அதிகம் சுரந்து பி.பி.யும் ஏறுகிறது. குழாய் விறைத்துவிட்டால் துடிப்பின் அடி தணியாமல் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். "கிரியேட்டினின் நார்மல்தானே" என்று பி.பி.யைக் கவனிக்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு.

மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வாங்குங்கள், மணிக்கட்டுக் கருவி வேண்டாம். முதலில் கையின் சுற்றளவை அளந்து, அதற்கேற்ற பட்டையைத் தேர்ந்தெடுங்கள். பட்டை சிறியதாக இருந்தால் இல்லாத பி.பி.யைக் காட்டும், பெரியதாக இருந்தால் இருப்பதை மறைக்கும்.

காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் அளக்க வேண்டும். அதற்கு 30 நிமிடம் முன்பிருந்தே காபி, டீ, புகை கூடாது. முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும், தொங்கினால் அளவு கூடும். ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். மாலையிலும் இப்படியே. 7 நாள் முடிந்ததும் முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தால், அதுதான் மருத்துவரிடம் காட்ட வேண்டிய எண். பிடித்த எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை.

2014இல் வெளிவந்த ஹால்ட்-பி.கே.டி. ஆய்வில், சிறுநீரகம் நன்றாக வேலை செய்த 15 முதல் 49 வயதினரின் பி.பி.யை 95/60க்கும் 110/75க்கும் இடையில் வைத்தார்கள். வழக்கமான 120/70–130/80 இலக்கில் இருந்தவர்களைவிட அவர்களுக்குச் சிறுநீரகம் பெரிதாகும் வேகம் 14.2 சதவீதம் குறைவு; இதயத்தின் இடது கீழறைத் தசைப் பெருக்கமும் தணிந்தது. தலைசுற்றல் மட்டும் கூடுதல். ஆகவே இளையவர்களுக்கு 110/75 நல்ல இலக்கு, உடல் தாங்கினால். எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏ.சி.இ. தடுப்பி அல்லது ஏ.ஆர்.பி. வகை பி.பி. மாத்திரை தொடங்கிய 2 முதல் 4 வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டதில் அதே ஆய்வு கூடுதல் பலன் காணவில்லை. கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இவை சிசுவைப் பாதிக்கும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருப்பதால் கேட்காமல் வாங்காதீர்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

விறைப்பை நேரடியாக அளக்க வேண்டுமானால் நாடி அலை வேகப் பரிசோதனை உண்டு. கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் இடையே துடிப்பலை ஓடும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் குழாய் விறைத்திருக்கிறது. பரிசோதனையின்போது பி.பி. ஏறியிருந்தால் வேகமும் கூடிவிடும். எனவே அன்றைய பி.பி.யையும் சேர்த்தே குறிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. 5 வயதிலிருந்தே பி.பி. பார்க்கத் தொடங்குங்கள். மூளை ரத்தக்குழாயில் புடைப்பு வரும் அபாயமும் இந்நோயில் கூடுதல். இடி விழுந்ததுபோல் திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால் பி.பி. கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.